நூற்று நாற்பதில் நின்ற எண்

ராத்தா,

இன்று காலை ஒரு நகல் எடுக்க வேண்டிப் பதுளை டவுனுக்கு இறங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. கடைக்குள் நாலைந்து பேர் நனைந்த உடுப்போடு நின்றோம். கடைக்காரப் பெண் மூலையில் இருந்த பழைய கொம்பியூட்டரைப் போட்டாள். சிறிது நேரத்தில் அதன் உள்ளே படிந்திருந்த தூசி சூடாகி ஒரு வாசனை கிளம்பியது. ஈரத்துணி வாசனையோடு அதுவும் சேர்ந்து மூக்கில் ஏறியது. கொண்டுபோன காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து, கடைத் தாழ்வாரத்தில் நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்து தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? பயமாக இருக்கிறது என்று சொன்னால் எதற்கு என்று கேட்பாள். அதைச் சொல்லாமலே புரிந்துகொள்ள எனக்கு உங்களை விட்டால் ஆள் இருந்ததில்லை. நீங்களும் போய்விட்டீர்கள்.

நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு நீங்கள் முதன்முதலாக வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. பசறை பஸ்ஸில் வந்து இறங்கி, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, ஒபிஸ் வாசலில் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதுளைக் கடைத்தெருவில் உங்கள் வாப்பாவுக்குப் புடவைக் கடை. அந்த வீட்டுப் பெண் கணக்கில் பட்டம் வாங்கி, கொழும்பில் கொம்பியூட்டர் படித்து, தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறாள் என்று ஒபிஸில் ஒரு வாரமாக இதே பேச்சு. எனக்கும் உங்களுக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும். நான் ஒபிஸில் டைப்பிஸ்ட். அன்று உங்களை "மிஸ்" என்றேன். "மிஸ் வேணாம், வீட்டுல தங்கச்சிமாரு ராத்தான்னு கூப்பிடுவாங்க" என்றீர்கள். அப்படியே ஒட்டிக்கொண்டது.

உங்களை வரவழைத்தது எங்கள் குளம். பெக்டரிக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் மெஷின் ஓட்டத் தண்ணீர் தேக்கிய குளம். மண் அணை. அணைக்கு நேர் கீழே ஓடை. ஓடைக்கரையில், வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பரா. அதற்கும் கீழே பள்ளத்தில் தொழிலாளர் வீட்டு வரிசை, பணிய லயம். அணையில் அங்கங்கே கசிவு கண்டதால், வெளிநாட்டு உதவியில் நடந்த ஏதோ ஒரு திட்டத்தில், தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு கருவியை வைத்தார்கள். அது நிமிடத்துக்கு ஒரு எண்ணைக் கம்பி வழியாக ஒபிஸுக்கு அனுப்பும். ஒபிஸ் மூலையில் வைத்த கொம்பியூட்டர் அந்த எண்ணைத் திரையில் காட்டும். இருநூறைத் தாண்டினால் ஆபத்து, உடனே தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்ல வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியது நீங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்துத் தட்டிக்கொடுத்தது நான்.

கம்பியில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பைட் என்று பெயர் சொன்னீர்கள். எனக்கு அந்த மெஷினைத் தொடவே பயம். பிழையாக ஒரு பட்டனை அமுக்கினால் வெடித்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு அட்டைக்குப் பயம், எனக்கு இதற்குப் பயம், கணக்கு சரியாகிவிட்டது என்றீர்கள்.

எல்லாம் சரியாகத்தான் ஓடியது. நீங்கள் அதைச் சோதித்ததும் எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியைக் கம்பியில் மாட்டி, எண்களைச் சரசரவென்று அனுப்பிப் பார்த்தீர்கள். திரையில் ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது. அதற்குப் பிறகு குளத்துக் கருவியை மாட்டினோம். வெயில் காலம். தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரையில் எண் அப்படியே நின்றது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, என்னோடு சோற்றைப் பகிர்ந்து தின்றுவிட்டுப் போவீர்கள். என் மகள் சாந்தி அப்போது கைக்குழந்தை. அவளைக் காலையில் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஒபிஸுக்கு வருவேன். வேறு எங்கே விடுவது? கொழுந்தெடுக்கப் போகிற எல்லாப் பெண்களும் அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த மழை நீங்கள் வந்திருந்த நாளில் பிடித்ததை நான் இன்றும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை.

முந்தின நாள் இரவெல்லாம் பெய்து, காலையில் விட்டு, பத்து மணி வாக்கில் திரும்பப் பிடித்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே விளக்குப் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் விழுந்த மழையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. துரை உள்ளேயிருந்து வந்து திரையைப் பார்த்தார். நூற்று நாற்பது. பிரச்சினை இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கும் நிம்மதி. சாந்தி அந்நேரம் தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு டைப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மட்டும் திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அரை மணிக்கு மேல் இருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தங்கச்சி, இந்த மழைக்கு ஒரு புள்ளி சரி கூட ஓணுமே. ஏன் அசையாம ஈக்கி?"

எண் ஒரு புள்ளிகூட ஏறாமல் நிற்பதால் கம்பி அறுந்திருக்குமோ என்று கேட்டேன். நீங்கள் கம்பி மெஷினில் சேரும் இடத்தில் இருந்த சிறிய சிவப்பு விளக்கைக் காட்டினீர்கள். கொஞ்சம் பொறுத்து அது ஒருமுறை மினுக்கியது. பிறகு இன்னொரு முறை. எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. திரைதான் அசையவில்லை. அப்போது உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன் ராத்தா. இரத்தமெல்லாம் வடிந்து உதடு வெளுத்துப் போனது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. அதுவரை அது வெறும் மழை.

என்ன என்று நான் இரண்டு தடவை கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. மீதியைப் பின்னால் எத்தனையோ தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்பியில் வரும் பைட்டை மெஷின் உடனே நம் புரோகிராமிடம் கொடுப்பதில்லை. பஃபர் என்று உள்ளே ஓர் இடம் வைத்து, அதில் சேர்த்துக்கொண்டே போகும். அது நிரம்பிய பிறகுதான் மொத்தமாக எடுத்துக் கொடுக்கும். நிரம்பும்வரை புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நம் கொழுந்து லொறி நிறைந்தால்தான் பெக்டரிக்குக் கிளம்புவது மாதிரி. சோதனையில் எண்கள் சரசரவென்று வந்ததால் அந்த இடம் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி, திரையில் எல்லாம் உடனுக்குடன் தெரிந்தது. குளத்துக் கருவியோ நிமிடத்துக்கு ஒன்றுதான் அனுப்புகிறது. நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் திரையில் நிற்கும் நூற்று நாற்பது இப்போதைய தண்ணீர் இல்லை. மழை திரும்பப் பிடிப்பதற்கு முன்னால் இருந்த தண்ணீர்.

"நாங்க காலத்தால தண்ணிய பாத்துக்கிட்டு ஈக்கிறோம்" என்று நீங்கள் சொன்னது மட்டும் எனக்கு அப்போதே தெளிவாகப் புரிந்தது. காலையில் இருந்த தண்ணீர். மழையோ அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட விட்டிருக்கவில்லை.

ஓடிக் கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தினால் உள்ளே சேர்ந்த எண்கள் எல்லாம் அழிந்துவிடும் என்றீர்கள். சொல்லிக்கொண்டே நிறுத்தியும் விட்டீர்கள். பஃபரைத் தொடாமல், கம்பியின் வாயிலேயே நின்று ஒவ்வொரு பைட்டாக வாங்கிக் காட்டும்படி ஒரு சிறு புரோகிராம் எழுத வேண்டும். நாலைந்து வரிதான். ஆனால் உங்கள் விரல் நடுங்கிய நடுக்கத்தில் ஒரு சொல்லைக்கூட ஒழுங்காகத் தட்ட முடியவில்லை. என்னை உட்காரச் சொல்லி, நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். என் கையும் நடுங்கியது. ஆனால் டைப் பண்ணிப் பழகிய கை, நடுக்கத்தோடேயே எழுத்தைக் கண்டுபிடித்தது.

பிறகு காத்திருந்தோம். நிமிடத்துக்கு ஒரு பைட். அந்த முதல் பைட் வரும்வரை திரை கறுப்பாக இருந்தது. நீங்கள் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தீர்கள். என் தோளைப் பிடித்திருந்த உங்கள் கை இறுகிக்கொண்டே போனது.

இருநூற்றுப் பதினேழு.

அடுத்ததையும் பார்க்க வேண்டும் என்று நின்றோம். அந்த ஒரு நிமிடம்தான் எவ்வளவு நேரம். இருநூற்றுப் பதினெட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. நான் துரையைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் திறந்து வரவும் விளக்கு மங்கி, ஒருமுறை பிரகாசமாகி, அணைந்தது. திரையும் போய்விட்டது.

துரை கெட்டவர் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். மூன்று மாதமாகச் சரி என்று நீங்கள் சொன்ன புரோகிராம் நூற்று நாற்பது என்கிறது, இப்போது எழுதிய ஒன்று இருநூற்றுப் பதினெட்டு என்கிறது, இரண்டில் எதை நம்புவது, காட்டக்கூட ஒன்றும் இல்லையே என்றார். மழையில் தோட்டத்தையே கலைத்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் போனால் மேலிடத்துக்கு என்ன சொல்வது என்றும் கேட்டார்.

நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து, "மொத எழுதினது பிழை சேர். நான் எழுதின. எனக்கு இப்பதான் வெளங்கிச்சு" என்றீர்கள்.

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக் காம்பரா அணைக்கு நேர் கீழே இருக்கிறது என்ற ஒன்றைத் தவிர என் தலையில் எதுவும் இல்லை. நான் ஏற்கெனவே படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

தேயிலைக்கு நடுவே போகும் அந்தக் கல்படி, வெயில் நாளிலேயே பார்த்துக் கால் வைக்க வேண்டிய படி. அன்று அதுவே ஒரு ஓடையாக இருந்தது. இரண்டு இடத்தில் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் ஓடிய நிஜ ஓடையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. கல் உருள்கிற சத்தம். தண்ணீருக்கு அடியில் கல் உருண்டால் அது காதில் மட்டும் கேட்பதில்லை, காலிலும் கேட்கும்.

காம்பராவில் ஆயா கதவைச் சாத்தி உள்ளே விறகு போட்டுச் சூடு பண்ணி வைத்திருந்தாள். கூரைக் கம்பிலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. நடக்கிற பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குளம் உடையப் போகிறது, பிள்ளைகளைத் தூக்கு என்று நான் கத்தினேன். ஆயா அசையவில்லை. அவளுக்கும் பயம். மழையில் பச்சைப் பிள்ளைகளை வெளியே எடுத்து ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவள் வேலை போய்விடும்.

"தொர சொன்னாருங்களா?" என்றுதான் அவள் கேட்டாள்.

அப்போதுதான் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். தலையில் சேலைத் தலைப்பு இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஓ, தொரதான் அனுப்பின. சுறுக்கா" என்றீர்கள்.

நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஆயா எங்களைவிட வேகமாக வேலை பார்த்தாள். நடக்கிற பிள்ளைகளை ஒரு நீளச் சேலையைப் பிடிக்க வைத்து, கோயில் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டில்களிலிருந்து இரண்டு குழந்தைகளை வாரிக்கொண்டு வெளியேறினீர்கள். நான் கடைசித் தொட்டிலுக்கு ஓடினேன். சாந்தியை எப்போதும் அங்கேதான் போடுவார்கள்.

தொட்டில் காலியாக இருந்தது.

சேலையை விரித்து விரித்துப் பார்த்தேன். பக்கத்துத் தொட்டிலில் வேறு பிள்ளை. அடுத்ததிலும் வேறு பிள்ளை. பாயைத் தூக்கிப் பார்த்தேன், விறகுக்குப் பின்னால் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பேசத் தெரியாத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? வெளியே அந்தக் கல் உருள்கிற சத்தம் கூடிக்கொண்டே வந்தது. சுவர் அதிர்ந்தது. மீதி இருந்த இரண்டு குழந்தைகளையும் எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். என் பிள்ளை இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட என் கால் மறுத்தது. எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. யாரோ மேட்டில் இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மேட்டில் நீங்கள்தான் நின்றீர்கள். நனைந்த சேலைக்குள் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று கையை வெளியே நீட்டி உங்கள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் நான் கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது. அன்று சாந்தி அழுததால் ஆயா அவளை வாசல் பக்கத் தொட்டிலுக்கு மாற்றியிருக்கிறாள். யாருடைய பிள்ளை என்று தெரியாமலே நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெக்டரி மணியை விடாமல் அடிக்கும் சத்தம் அப்போதுதான் கேட்டது. துரை அடிக்கச் சொல்லியிருந்தார். பணிய லயத்தில் இருந்த கிழடு கட்டைகளும் பிள்ளைத்தாச்சிகளும் அந்த மணியைக் கேட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் ஏறி வரும்போது அணை போனது. வெடிச் சத்தம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மலையே பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பிறகு செம்மண் தண்ணீர், வேரோடு தேயிலைச் செடிகள், கல். பிள்ளைக் காம்பராவின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தோம். பணிய லயத்தின் ஓடைப் பக்கத்து வீடுகள் இல்லாமல் போயின. ஆடுகள், தோட்டக் காய்கறி, சட்டி பானை எல்லாம் போனது. ஆள் யாரும் போகவில்லை.

எனக்குக் கனவில் வருவது அந்தத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு எதிர் மலையிலிருந்து கொழுந்துக்காரப் பெண்கள் வந்தது. கூடையைக்கூட இறக்காமல், நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கீழே இடிந்து கிடக்கும் காம்பராவைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தார்கள். ஒருத்தியும் வாய்விட்டு அழவில்லை. மேட்டுக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்து, தன்னுடையதைக் கண்டதும்தான் சத்தம் வந்தது.

ஆயா துரையிடம் போய், நீங்க சொல்லி அனுப்பினதால பிள்ளைகள் பிழைச்சதுங்க என்று கும்பிட்டாள். நான் உங்கள் பக்கத்தில் நின்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். துரை உங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆயாவிடம், ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்றார்.

தோட்டம் முழுவதும் கொம்பியூட்டர்தான் காப்பாற்றியது என்று பேசிக்கொண்டார்கள். சிலர் ஒபிஸுக்கு வந்து மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நீங்கள் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய் நின்றீர்கள். திட்டத்து அதிகாரி வந்தபோது, உங்கள் புரோகிராமை நம்பியிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் போயிருக்கும் என்று அவரிடம் நேராகவே சொன்னீர்கள். இதே புரோகிராம் இன்னும் இரண்டு தோட்டத்தில் ஓடுகிறது, உடனே மாற்ற வேண்டும் என்று நின்றீர்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு இடத்துக்கும் நீங்களே போய் மாற்றிவிட்டுத்தான் வாப்பாவின் கடைக்குத் திரும்பினீர்கள். அதற்குப் பிறகு உங்களை அந்த வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டீர்கள் என்று உங்கள் உம்மா என்னிடம் சொன்னார்.

பதுளைக்கு வரும்போதெல்லாம் உங்கள் கடைக்கு வந்தேன். கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பேசினோம். மழை வந்தால் மட்டும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். உங்கள் மருமகள் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

போன வருடம் நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். கட்டிலில் பாதியாகிக் கிடந்தீர்கள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றீர்கள். அன்று ஒபிஸ் வாசலில் இருந்து இரண்டு வழி. ஒன்று கீழே காம்பராவுக்கு, இன்னொன்று மேலே பஸ் ரோட்டுக்கு. உங்கள் கால் மேலேதான் திரும்பியதாம்.

"அவ்வளவு பயம் தங்கச்சி. ஓடித் தப்பிச்சிருவோம்னுதான் நான் நெனச்ச."

"பொறகு ஏன் கீழ வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ முன்னால போய்ட்டியே. தனியா நிக்க அத விட பயமா இருந்திச்சு."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நானும் அன்றுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டாவது தடவை விழுந்தபோது நான் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்குள் இறங்க முடியாது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை கீழே இருந்தும் உடம்பு அசையவில்லை. அப்போது பின்னால் உங்கள் செருப்பு தண்ணீரில் சளக் சளக்கென்று அடித்துக்கொண்டு வருவது கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று தெரிந்ததும்தான் எழுந்து ஓடினேன். இதைச் சொன்னதும் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அப்ப ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை ராத்தா. வெளியே இப்போதும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. சாந்தி இதோடு இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள், படுத்துக்கொள்ளச் சொல்லி. படுக்க முடியாது. குடையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியும் கானில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று என் கண்ணால் பார்த்துவிட்டு வரப் போகிறேன். எப்போதும் போல நடுங்கிக்கொண்டுதான் போவேன். ஆனால் போவேன்.